ஈசானிய மூலையில் ஒரு சிவப்புக் கோடு

ஜனவரி 2

இந்த டைரியை ஒரு சிமென்ட் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உறுதியே எங்கள் உயிர்மூச்சு' என்று அச்சடித்திருக்கிறார்கள். துறையில் மற்றவர்களுக்குத் தோல் அட்டை. எனக்கு ரெக்ஸின். தோல் தீர்ந்துவிட்டதாம். இந்தக் கல்லூரியில் நான் போய் நிற்கும்போதுதான் எல்லாமே தீர்ந்துபோகிறது.

எழுதச் சொன்னவள் வசந்தாமணி. "ஏங்க, அந்தத் தமயந்தி கதையை இட்லிக்கு ஒருதரம் சோத்துக்கு ஒருதரம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. இனிமே எழுதி வச்சுக்கோங்க. காகிதத்துக்குக் காது இல்லை, பாவம்." இது என் மனைவி.

ஆகவே எழுதுகிறேன். டாக்டர் தமயந்தி எங்கள் சிவில் துறையின் தலைவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இன்று நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் அவருடைய 'பேசும் பூச்சு' திறந்து வைக்கப்பட்டது. பார்ப்பதற்குச் சாதாரண வெளிர் மஞ்சள் பெயிண்ட். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகள், உறைக்குள் சாயம். அடியில் இருக்கும் கான்கிரீட் விரிந்தால் உறைகள் உடைந்து, விரிசல் ஓடும் தடத்தில் மட்டும் சிவப்பாகும். கூடத்தின் குறுக்கே போகும் பெரிய பீம் முழுவதும் பூசியிருக்கிறார்கள். தாளாளர் நல்லசிவம் ரிப்பன் வெட்டி, "இனிமே நம்ம கட்டடமே நம்மகிட்டப் பேசும்" என்றார். கைதட்டல்.

இந்தக் கருத்து என்னுடையது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், "நம்ம ஊர் கான்ட்ராக்டர்கள் போடற பீம் எல்லாம் வெட்கத்துல சிவக்கணும்" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் பிஸ்கட் தட்டோடு நின்ற தமயந்தி மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஜனவரி 4

நாளிதழில் தமயந்திக்கு மூன்று பத்தி, படத்தோடு. படத்தின் ஓரத்தில் என் முழங்கை இருக்கிறது.

ஜனவரி 8

பெரியய்யா சிலை வந்து இறங்கியது. பெரியய்யா என்றால் தாளாளரின் தந்தை, கல்லூரியை நிறுவியவர். ஒரே கருங்கல். கிரேன் வைத்துத் தூக்கி வாசிப்புக் கூடத்தின் மொட்டை மாடியில், வடகிழக்கு ஓரத்தில் நிறுத்தினார்கள். அடியில் ஆள் உயரத்துக்குக் கான்கிரீட் பீடம்.

"கீழ வச்சா மதில் மறைக்குதுங்க. அப்பா பைபாஸைப் பாக்கணும், பைபாஸ்ல போறவன் அப்பாவைப் பாக்கணும்" என்றார் தாளாளர்.

தமயந்தி, "சார், பாரம் எவ்வளவுன்னு கணக்குப் பாத்தாச்சுங்களா? நேரா பீம் முனையில வருதே" என்று கேட்டார்.

"எங்கப்பா உயிரோட இருந்தப்பவே யாருக்கும் பாரமா இருந்ததில்லைங்க மேடம்."

கூட்டம் நெகிழ்ந்துபோனது. கல்லூரி முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்ததுதான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் வாய் திறப்பதில்லை என்பது என் கொள்கை.

வரும் வழியில் வெல்லம் வாங்கினேன். கரும்புக்குச் சொல்லி வைத்தேன்.

ஜனவரி 15

பால் வடக்குப் பக்கமாகப் பொங்கியது. வசந்தாமணிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அடுப்பு தெற்கே சற்று உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். "உங்களுக்குப் பொங்கல் வேணுமா, வேண்டாமா?" என்றாள். வேண்டும் என்றேன்.

ஜனவரி 20

விடுமுறை முடிந்து போனால் கல்லூரியே கூடத்தில் நிற்கிறது. பீமில் சிவப்புக் கோடு.

எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நடனமாடியது. வந்த ஒரு மாதத்துக்குள் பெயிண்ட் பல்லிளித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

தாளாளர் கொதித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பதினாறாம் தேதி தரச்சான்றுக் குழு வருகிறது. "ஏன் மேடம் சிவந்துச்சு?"

"பீம்ல விரிசல் விட்டிருக்குங்க சார். அதைத்தான் காட்டுது. மேல இருக்கற சிலையை உடனே எடுக்கணும்."

"பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி விரிசல் இருந்துச்சுங்களா?"

"யாரும் பாக்கலைங்க."

"பெயிண்ட் அடிச்சப்புறம்?"

"தெரியுதுங்க."

"அப்ப பெயிண்ட்டுனாலதானே வந்துச்சு?"

தமயந்தி ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். அந்த வாய் மூடியதைப் பார்க்க நான் எத்தனை ஆண்டு காத்திருந்தேன்! தாளாளர் என் பக்கம் திரும்பினார். "குழந்தைவேலு சார், நீங்க சீனியர். பெயிண்ட் கோளாறா, கட்டடம் கோளாறா? பாத்து எழுதிக் கொடுங்க. யோசிச்சு எழுதுங்க." கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார்.

ஜனவரி 21

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கோடு தூணுக்குப் பக்கத்தில் அடியில் தொடங்கிச் சாய்வாக மேலே ஏறுகிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் வருடாவருடம் போர்டில் வரையும் படம் அப்படியே இருக்கிறது. 'பீமின் நடுவில் நேராக வரும் மயிரிழைகளைக் கண்டு பயப்படாதே. தூணருகே சாய்வாக வரும் கோட்டைக் கண்டால் முதலில் ஆட்களை வெளியே அனுப்பு, பிறகு கணக்குப் போடு' என்பேன். நன்றாக எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் படம் மாதிரி இருப்பதெல்லாம் படம் ஆகிவிடாது. கூடத்தைத் தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறார்கள். பினாயில் ஆவி பட்டு உறைகள் உடைந்து சாயம் வெளிப்பட்டிருக்கக்கூடும். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். 'கூடும்' என்ற சொல் முக்கியம்.

ஏணியிலிருந்து இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டேன். வயது.

ஜனவரி 24

இன்று முதல் சிவில் துறையின் தலைவர் டாக்டர் குழந்தைவேலு.

தமயந்தியைப் பேருந்துப் பொறுப்பாளராக மாற்றிவிட்டார்கள். எந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். கழுத்தில் விசில். பீமுக்கு இரண்டு கோட்டிங் வெள்ளை எமல்ஷன் அடித்தாயிற்று.

வசந்தாமணி பால் பாயசம் வைத்தாள். குடித்துக்கொண்டிருந்தபோது, "ஏங்க, நெசமாவே அது பினாயிலுங்களா?" என்றாள். முந்திரி கருகியிருக்கிறது என்றேன்.

ஜனவரி 27

தாளாளர் வரச் சொன்னார். பெற்றோர்களிடம் வதந்தி பரவியிருக்கிறதாம். வாட்ஸ்ஆப்பில் பீமின் படம் சுற்றுகிறதாம்.

"இதுக்கு ஒரே வழிதானுங்க சார். கட்டடம் ஸ்ட்ராங்குன்னு எழுதினவரே அங்க உக்காந்துட்டா எவன் பேசுவான்? உங்க ரூமை வாசிப்புக் கூடத்துக்கே மாத்திடறேன். அந்த மூலையில, கண்ணாடித் தடுப்புப் போட்டு, ஏசி வச்சு. போறவன் வர்றவன் எல்லாம் உங்களைப் பாக்கணும்."

"அந்த மூலைன்னா..."

"பீமுக்கு நேர் கீழ. அதானுங்க நம்பிக்கை."

இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தனி அறை கிடைத்ததில்லை. ஏசியும் கிடைத்ததில்லை.

ஜனவரி 29

புது அறையில் முதல் நாள். மேசையைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிப் போடச் சொன்னேன். ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிறது.

ஜனவரி 30

மேசையை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். இப்போது பாதி தடுப்புக்கு வெளியே இருக்கிறது. தாளாளர் பார்த்துவிட்டு, ஆள் வைத்து இழுத்து மறுபடியும் பீமுக்குக் கீழே போட்டுவிட்டார். "வெக்கப்படாதீங்க சார். உள்ளாரவே உக்காருங்க."

பிப்ரவரி 1

இன்றிலிருந்து அறையில் மஞ்சள் ஹெல்மெட் அணிந்துகொள்கிறேன். கட்டுமானத் துறையில் பாதுகாப்பு ஒரு பண்பாடாக மாற வேண்டும். துறைத் தலைவரே தொடங்கி வைப்பதுதான் முறை. கண்ணாடி வழியாக மாணவர்கள் போட்டோ எடுத்தார்கள். மதியம் ஒருவன் வந்து, "சார், நாங்களும் ஹெல்மெட் போட்டுக்கணுமா?" என்று கேட்டான். உன் பெயர் என்ன, எந்தப் பிரிவு என்று கேட்டேன். ஓடிவிட்டான்.

பீமில் எமல்ஷனுக்கு மேலே, கோடு இருந்த இடத்தின் குறுக்கே, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினேன். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும் என்று பழைய ஆட்கள் செய்வதுண்டு. நான் ஒட்டியது சும்மா, கையில் கண்ணாடி மிச்சம் இருந்ததால்.

பிப்ரவரி 4

கண்ணாடி உடைந்திருக்கிறது. மட்டமான கண்ணாடி.

பிப்ரவரி 5

வெள்ளைக்கு அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு கோடு மேலே ஊறி வருகிறது. தாளாளர் மூன்றாவது கோட்டிங் அடிக்கச் சொன்னார். பெயின்டர், காய ஒரு நாள் ஆகும் என்றான். காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. தரச்சான்றுக் குழுவை வரவேற்கும் ஃப்ளெக்ஸ் பேனரைப் பீமின் நீளத்துக்குக் கட்டிவிட்டார். பேனரில் பெரியய்யா சிரிக்கிறார். அவருடைய முன்பல் இருக்கும் இடத்துக்குப் பின்னால்தான் கோடு.

பிப்ரவரி 6

சாயங்காலம் பஸ் ஷெட் வழியாகப் போக வேண்டியதாயிற்று. பவானி பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைத்துக்கொண்டிருந்தார் தமயந்தி. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சார், உங்க கண்ணாடி உடைஞ்சுருச்சாமே?" என்றார்.

"பூனை தட்டிவிட்டிருக்கும்."

"பீமுக்கு மேலயா சார்?"

"பூனை எங்க வேணா ஏறும்."

"ஏறும் சார், ஏறும்." பஸ்ஸைக் கையசைத்து நிறுத்தினார். "பதினாறாந்தேதி என்ன பிளான்னு தெரியுங்களா? குழு வர்றப்ப நூலகம் நெறஞ்சிருக்கணும்னு முந்நூறு பிள்ளைங்களைக் கூடத்துல உக்கார வைக்கப் போறாங்க. அதே நேரத்துல மேல சிலைக்கு மாலை போடற விழா. நாதஸ்வரம், பந்தி, நாற்காலி எல்லாம் மாடியில. கீழயும் கூட்டம், மேலயும் கூட்டம். அந்த டிரிப்புக்கு பஸ் போடறது நான்தான் சார். ஏத்திட்டு வந்து அதுக்குள்ள உக்கார வைக்கறதும் நான்தான்."

"நீங்க எழுதிக் கொடுங்க."

"நான் எழுதினதை அன்னைக்கே கிழிச்சாச்சு. நீங்க எழுதினதைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க. ஒரு வரி சார். 'மறுபடியும் பார்த்தேன்'னு ஒரு வரி."

எழுதியதை மாற்றி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை என்றேன். அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார். எனக்கா, பஸ்ஸுக்கா என்று தெரியவில்லை. நானும் இரண்டடி பின்னால் போனேன்.

பிப்ரவரி 8

தாளாளரைப் பார்க்கப் போனேன். வேறு ஏதோ விஷயமாக.

"வாங்க சார், உக்காருங்க. என்ன விசயம்?"

"அந்த பீம் பத்தி... இன்னொரு தடவை பாக்கலாமோன்னு..."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப முன்னாடி நீங்க எழுதினது பொய்யுங்களா?"

"சேச்சே. அந்த பீம்ல ஒரு ஃபேன் மாட்டலாமான்னு கேக்க வந்தேன்."

"ஏசி பத்தலைங்களா?"

"இந்த வருசம் வெயில் சீக்கிரமே ஆரம்பிச்சிருச்சு."

"இதுக்கா தயங்கினீங்க? நாளைக்கே மாட்டச் சொல்றேன்."

பிப்ரவரி 9

ஃபேன் மாட்டிவிட்டார்கள். பீமில் துளை போட்டபோது உதிர்ந்த தூளைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மணல்தான் அதிகம்.

ஃபேனைப் போடவில்லை.

பிப்ரவரி 10

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வாயு. வசந்தாமணி தட்டை நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பதினாறாந்தேதி பக்கத்து வீட்டுப் புள்ளையும் அந்தக் கூடத்துலதான் உக்காருதாமா. வெள்ளைச் சுடிதார் போட்டுட்டு வரணும்னு சொன்னாங்களாம். அது அம்மா என்கிட்ட அயர்ன் பாக்ஸ் கேட்டு வந்துச்சு."

நான் தட்டைப் பழைய இடத்துக்கு இழுத்தேன்.

"உங்க தாளாளர் யார் சொன்னாக் கேப்பாருங்க?"

"யார் சொன்னாலும் கேக்க மாட்டான்."

"கேப்பார். அவரு வூட்டுல கக்கூஸ் கதவைத் திருப்பி வைக்கறதுக்குக்கூட வாஸ்து வடமலையைக் கேக்காம செய்யறதில்லை. வடகிழக்குல பாரம் ஏத்தக் கூடாது, உத்தரத்துக்குக் கீழ உக்காரக் கூடாதுன்னு எந்த வாஸ்துக்காரனும் சொல்லுவான். பீமும் உத்தரமும் ஒண்ணுதானே? உங்க பீம் பொய் சொல்லுதோ நெசம் சொல்லுதோ, எனக்குத் தெரியாது. ஆனா ஈசானிய மூலையில மலை மாதிரி ஒரு கல்லை வச்சிருக்கீங்கல்ல?"

கட்டமைப்புப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான். 'வாஸ்து என்னும் மோசடி' என்று கல்லூரி மலரில் ஆறு பக்கம் எழுதியவன். இப்படி ஒரு யோசனையைக் காதில் வாங்குவதே அவமானம். வடமலையின் வீடு பவானியில் எந்தத் தெரு என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 11

வடமலைக்கு அறுபது வயது இருக்கும். சந்தனம், பட்டு ஜிப்பா, கையில் தங்கச் சங்கிலியில் கோத்த ஒரு திசைகாட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். சுவரில் என் கட்டுரையை லேமினேட் செய்து மாட்டியிருந்தார்.

"இதை எதுக்கு மாட்டியிருக்கீங்க?"

"படிச்சவங்க திட்டினாத்தானுங்க நம்ம தொழிலுக்கு ஒரு மரியாதை. அதுலயும் டாக்டர் பட்டம் வாங்கினவர் திட்டினது. உக்காருங்க, ஒரு காப்பி குடிக்கறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். பீம், விரிசல், பெயிண்ட் எதையும் சொல்லவில்லை. அவை அவருக்குத் தேவையில்லாதவை. வாசிப்புக் கூடம் என்றும் சிலை என்றும் மட்டும் சொன்னேன். அவர் கையமர்த்தினார்.

"சார், எந்த மூலை ஆகாதுன்னு நீங்க சொல்லுங்க. ஏன் ஆகாதுங்கறதை நான் சொல்லிக்கறேன்."

"வடகிழக்கு."

"ஈசானியம். ரொம்ப சுலபமுங்க. பாரத்தை எடுத்து எங்க வைக்கணும்?"

"மண்ணுல. கட்டடத்துக்கு மேல எங்கயும் கூடாது."

"தென்மேற்குல மண் தரை இருக்குங்களா?"

"பஸ் ஷெட் இருக்கு."

"கன்னி மூலை. பாரம் வைக்கத் தோதான இடமுங்க. ஆட்களை எப்ப வெளியேத்தணும்?"

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் திசைகாட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உடனே" என்றேன்.

"சரிங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. ஒரே ஒரு ஆசை. உங்க காலேஜ் மேடையில எனக்கு ஒரு பொன்னாடை போடணும். நீங்க போடணும். உங்க கையால."

பவானியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

பிப்ரவரி 13

வடமலை தற்செயலாக வந்தவர் போல வந்தார். தாளாளர் வாசலுக்கே ஓடிப்போய் அழைத்து வந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் வடமலையின் நடை நின்றது. திசைகாட்டி நடுங்கியது, அதை நடுங்க வைக்க அவருக்கு நல்ல பயிற்சி. கண்ணை மூடினார். முகம் வாடியது. நானே ஒரு கணம் நம்பிவிட்டேன்.

"ஈசானியத்துல பாரம்" என்றார். "பெத்த அப்பாவை நெருப்புல நிக்க வச்ச மாதிரி நிக்க வச்சிருக்கீங்க. கீழ வித்தியாஸ்தானம். மேல பெரியவர் தாகத்துல தவிக்கறார். இந்தக் கூடத்து உத்தரம் அழுவுது, உங்களுக்குக் கேக்கலையா?"

பேனரின் ஓரத்தைச் சுண்டிவிட்டார். பெரியய்யாவின் சிரிப்பு ஒரு பக்கம் சுருண்டது. பின்னால் இரண்டு கோட்டிங் வெள்ளையையும் தாண்டிச் சிவப்பு. கூட்டத்தில் யாரோ "ஆத்தா" என்றார்கள்.

பொறியாளர் சொல்லி ஒரு மாதமாக அசையாத மனிதர் கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் அசைத்தார். மாணவர்கள் வெளியே. மணி அடித்து அல்ல, துரத்தி. கிரேன் வந்தது. முட்டுக் கொடுக்க இரும்புக் கால்கள் வந்தன. கிரேன் சிலையைத் தூக்க லேசாக அசைத்ததுதான் தாமதம், பீமின் அடியிலிருந்து ஒரு பாளம் கழன்று விழுந்தது. கண்ணாடித் தடுப்பு நொறுங்கியது. என் நாற்காலி இருந்த இடத்தில் நாற்காலி இல்லை. நான்கு சக்கரங்கள் மட்டும் நான்கு பக்கம் உருண்டன.

"பாத்தீங்களா! தோஷம் இறங்குது!" என்று தாளாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புழுதி அடங்கி, முட்டு நின்றதும் ஏணியில் ஏறிப் பார்த்தேன். கம்பிகளைச் சுற்றி ஒரு சாணுக்கு ஒன்றாவது ரிங் கட்டியிருக்க வேண்டும். கையை முழுசாக நீட்டித் தேடியும் அடுத்த ரிங் தட்டுப்படவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் தமயந்தி, கழுத்தில் விசிலோடு நின்றிருந்தார்.

நொறுங்கியது பழைய நாற்காலிதான். அதில் உட்கார்ந்து முதுகு வலித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 16

குழு வந்தது. திறந்தவெளியில் பந்தல். பஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் நின்று பெரியய்யா பஸ்களைப் பார்க்கிறார். வெள்ளைச் சுடிதாரில் முந்நூறு பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். வெயில் தாங்காமல் நோட்டை விசிறியாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வடமலையைக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் சேர்த்திருப்பதாகத் தாளாளர் அறிவித்தார். கட்டடங்களுக்கு மனசு உண்டு என்று வடமலை பேசினார். 'வாஸ்து என்னும் மோசடி' எழுதிய கையாலேயே பொன்னாடை போட்டேன். மேடையில் அவர் என் காதருகே, "கொஞ்சம் நல்லா விரிச்சுப் போடுங்க சார், போட்டோ எடுக்கறாங்க" என்றார். விரித்துப் போட்டேன்.

முதல் வரிசைக்கு வெளியே, பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து தமயந்தி கைதட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

பிப்ரவரி 18

பேசும் பூச்சுதான் தோஷத்தைக் கூட்டி வந்தது என்று தாளாளர் முடிவு கட்டிவிட்டார். மிச்சம் இருக்கும் டின்களைக் குப்பையில் போட உத்தரவு. டின்கள் பஸ் ஷெட்டில் அடுக்கியிருந்தன. எப்படியும் அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருந்தது.

"ஒரு வரியில முடிஞ்சிருக்கும் சார்" என்றார் தமயந்தி.

"ஒரு வரியை யார் படிப்பா?"

"அதுவும் நெசம்தான்." டின் மேல் உட்கார்ந்தார். "கூடம் கட்டின அதே கான்ட்ராக்டர்தான் பெண்கள் விடுதியும் கட்டினாரு. தெரியுங்களா?"

தெரியும். தெரியாது என்றேன்.

"அங்க நானூறு பேர் தூங்கறாங்க. இந்த டின் எல்லாம் நாளைக்குக் குப்பைக்குப் போகுது."

நான் போனை எடுத்தேன். வடமலை முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்க சார், எந்த மூலை?"

"மூலை இல்லைங்க. விடுதிக்கு ஒரு கலர்."

"என்ன கலர்னு நீங்க சொல்லுங்க..."

"வெளிர் மஞ்சள். எல்லா பீமுக்கும். பெயிண்ட் நம்மகிட்டயே இருக்கு."

"குரு பகவானுக்கு உகந்த கலருங்க. இன்னைக்கே சொல்லிடறேன்."

தமயந்தி சிரிக்கத் தொடங்கினார். விசில் கயிறு கழுத்தில் குலுங்கியது. நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சிவந்தா என்ன சார் பண்றது?" என்றார்.

"வடமலையைக் கூப்பிடுவோம்."

பிஸ்கட் தட்டோடு நின்ற நாளில் அவர் சிரிக்காமல் வைத்திருந்த சிரிப்பு இதுதானோ என்னவோ.

கிளம்பும்போது எனக்கும் ஒரு டின் கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"நாய்க்கூண்டுக்கு."

"சரிங்க சார்."

பிப்ரவரி 25

விடுதி முழுவதும் மஞ்சள். டின்களின் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தோம். தாளாளரே ஊர் முழுக்கச் சொல்லி வைத்ததால் பெயரே 'வடமலை மஞ்சள்' என்று ஆகிவிட்டது. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றும் அந்தக் கலரைக் கேட்டிருக்கிறதாம்.

அதில் தமயந்தியின் பெயரும் இல்லை. என் பெயரும் இல்லை. பதினேழு ஆண்டுகளில் முதல் முறையாகத் தமயந்தியும் நானும் சமமாக இருக்கிறோம். ஆனால் துறைத் தலைவர் நான்தான். என் அறிக்கை இன்னும் ஃபிரேமுக்குள்தான் இருக்கிறது. கண்ணாடி மட்டும் அன்றைய புழுதியில் கீறியிருக்கிறது.

மார்ச் 1

லீவு போட்டேன். ஏணி போட்டு, படுக்கையறை பீமுக்கு இரண்டு கோட்டிங் அடித்தேன். நம் வீட்டையும் எந்த மகராசன் கட்டினானோ.

வசந்தாமணி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "தலைக்கு மேல என்னங்க இது மஞ்சளா?"

"வாஸ்து."

"யார் சொன்னது?"

"வடமலை."

அவள் காலி டின்னைக் கையில் எடுத்துத் திருப்பினாள். மூடியில் மார்க்கரால் எழுதியிருந்தது. தமயந்தியின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். "'குழந்தைவேலு சார், நாய்க்கூண்டுக்கு'ன்னு போட்டிருக்கு. நம்ம வீட்டுல ஏதுங்க நாய்?"

பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 2

பூச்சில் இன்னும் குறைகள் உண்டு. ஓரங்களில் சீராகப் பரவவில்லை; இந்த விலைக்கு இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம். காலையில் கண் விழித்ததும் மல்லாந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளாகவே இருந்தது. நல்ல தூக்கம்.